புக்கிட் மேரா: இலாபம் யாருக்கு, கழிவு யாருக்கு?

தேச சரித்திரம் என்றவுடன் அரசர்களின் முடிசூட்டு விழாவும் படையெடுப்புமே நம்மில் பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஓர் ஊரின் ஆறு எப்போது கலங்கியது, அதைக் கலக்கியவர் யார், கலக்காமல் தடுத்திருக்க வேண்டியவர் யார் என்னும் கேள்விகளும் சரித்திரத்தைச் சேர்ந்தவையே. அரசன் மாறினால் வரி மாறும்; மண்ணும் நீரும் கெட்டால் பின்வரும் சந்ததியே கெடும். ஆகவே இவ்வாரம் நாம் ஓர் ஆலையின் கதையை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பேராக் மாநிலத்தில் ஈப்போ நகருக்கு அருகே, லஹாட், மெங்லெம்பு என்னும் ஊர்களை ஒட்டினாற்போல் புக்கிட் மேரா என்னும் புதுக்கிராமம் இருக்கிறது. அங்கே வசிப்போர் பெரும்பாலும் சீன உழைப்பாளிகள். 'அது சீனர் ஊர், நமக்கென்ன?' என்று எவரேனும் கேட்கக் கூடும். காற்று ஜாதி பார்த்து வீசுவதில்லை. மண்ணில் ஊறும் நஞ்சு மதம் விசாரித்து நிற்பதில்லை. இன்று புக்கிட் மேராவுக்கு நேர்ந்தது நாளை எந்தத் தோட்டத்து லயத்துக்கும் நேரலாம். இக்காரணத்தாலேயே அக்கதை நமக்கும் உரியது என்கிறோம்.

ஈயத்தின் மிச்சம்

1880-ஆம் ஆண்டுகள் முதல் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டுவதற்குச் சீனர்கள் ஆயிரக் கணக்கில் வந்து குவிந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகத்திலேயே அதிக ஈயம் எடுத்த நாடு மலாயாவே. பூமியைத் தோண்டி, மணலை நீரால் அலசி, ஈயத்தைப் பிரித்து எடுத்த பின்னர் கனமான கருமணல் ஒன்று எஞ்சும். அதற்கு அமாங் என்று பெயர். நெடுங்காலம் அதைக் குப்பை என்றே ஒதுக்கி வைத்தனர்.

அந்தக் குப்பையில் மொனசைட், செனோடைம் முதலிய தாதுக்கள் கலந்திருக்கின்றன. தென்னாட்டில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இதே மொனசைட் உண்டு. இத்தாதுக்களிலிருந்து இட்ரியம் முதலிய அருமண் உலோகங்களை எடுக்கலாம் என்றும், அவை வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் வேறு பல நுண்ணிய கருவிகளுக்கும் தேவையானவை என்றும் விஞ்ஞானிகள் கண்டபோது, நேற்றைய குப்பை இன்றைய பொருளாயிற்று.

ஆயினும் அப்பொருளோடு ஒரு கேடும் கூடவே பிறந்திருக்கிறது. மொனசைட்டில் தோரியம் என்னும் கதிர்வீச்சுப் பொருள் கலந்திருக்கிறது. தாதுவை இரசாயனங்களால் பிரித்து அருமண்ணை எடுத்துக்கொண்டால், தோரியம் கழிவிலே திரண்டு நிற்கும். இயற்கையில் மணலோடு மணலாகப் பரந்து கிடந்தது, ஆலையின் வேலையால் ஓரிடத்தில் செறிந்துவிடுகிறது. அதன் வீரியம் பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். எந்தக் கம்பெனியும், எந்த அரசும் அவ்வளவு காலம் நிலைத்ததில்லை. ஆகவே இத்தகைய தொழிலைத் தொடங்குவோர் முதல் நாளே விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கழிவை எங்கே வைப்பது, யார் காப்பது?

கடல் கடந்து வந்த தொழில்

ஜப்பான் தேசத்தில் இத்தொழில் முன்னரே நடந்து வந்தது. 1968-இல் அந்நாட்டு அரசாங்கம் கதிர்வீச்சுப் பொருள்கள் பற்றிய சட்டத்தை இறுக்கியது. 1970-க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் அங்கே மொனசைட்டைப் பிரிக்கும் வேலை நின்றுபோயிற்று. ஆயினும் அருமண்ணுக்குத் தேவை நிற்கவில்லை. ஒரு நாடு வேண்டாம் என்ற வேலை வேறொரு நாட்டைத் தேடிப் புறப்பட்டது.

1979-இல் ஏசியன் ரேர் எர்த் என்னும் கம்பெனி மலேசியாவில் பதிவாயிற்று. ஜப்பானிய மிட்சுபிஷி கெமிக்கல் கம்பெனிக்கு நூற்றுக்கு 35 பங்கும், பே மினரல்ஸ் என்னும் உள்நாட்டுக் கம்பெனிக்கு 35 பங்கும், ஹஜ் யாத்திரிகரின் சேமிப்பை நிர்வகிக்கும் தாபோங் ஹாஜி ஸ்தாபனத்துக்கு 20 பங்கும், பூமிபுத்திர வியாபாரிகளுக்கு 10 பங்கும் இருந்தன. தோரியக் கழிவு பிற்காலத்தில் அணுசக்திக்கு உதவக் கூடும் என்று கருதி, அதைப் பேராக் மாநில அரசின் உடைமையாகச் சேமித்து வைப்பது என்று ஏற்பாடாயிற்று.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று நோக்க வேண்டும். அரசாங்கம் அமைத்த ஸ்தாபனம் ஆலையில் பங்குதாரர். மாநில அரசு கழிவுக்கு உடைமைக்காரர். ஆலையைக் கண்காணிக்க வேண்டியவரும் அரசாங்கமே. பங்குதாரனும் காவற்காரனும் ஒரே வீட்டில் உண்டு வாழ்ந்தால் காவல் எவ்வாறு நடக்கும்? இத்தொழிலுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்க அன்று தனி வாரியம்கூட இல்லை. அணுசக்தி உரிமச் சட்டம் 1984-இல்தான் இயற்றப்பட்டது. ஆலையோ 1982-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதியே புகையத் தொடங்கிவிட்டது. குழந்தை பிறந்து நடமாடிய பின்னர் தொட்டில் செய்த கதையாக, ஆலைக்குப் பின்னர் சட்டம் வந்தது.

பப்பான் மக்கள் கற்பித்த பாடம்

கழிவை வைப்பதற்கு முதலில் பாரிட் என்னும் ஊரின் பக்கம் இடம் பார்த்தனர். அவ்வூரார் எதிர்த்தனர். பின்னர் பப்பான் என்னும் பழைய ஈயச் சுரங்க ஊரின் அருகே அகழிகள் வெட்டப்பட்டன. தம் ஊருக்குப் பக்கத்தில் வெட்டப்படுவது கதிர்வீச்சுக் கழிவுக்கான குழி என்பதைப் பப்பான் மக்கள் 1983 நவம்பரில்தான் அறிந்தனர். எவரும் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, சம்மதமும் கேட்கவில்லை.

1984 மே மாதத்தில் பப்பானிலும் சுற்றூர்களிலும் 6,700 பேர் கையொப்பமிட்டுப் பிரதம மந்திரிக்கும் மாநில அரசுக்கும் விண்ணப்பம் அனுப்பினர். வேலை நிற்கவில்லை. ஜூலை முதல் தேதியன்று பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏறக்குறைய 3,000 பேர், போலீஸ் எச்சரிக்கையையும் மீறித் திரண்டனர். அடுத்த சில நாட்களில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அகழிகள் கண்டிப்பான முறைப்படி கட்டப்படுவதால் பத்திரமானவை என்று விஞ்ஞான மந்திரி சொன்னார். விதித்த முறைப்படி கட்டப்படாததால் அவை பத்திரமானவை அல்ல என்று சுகாதார மந்திரி சொன்னார். ஒரே மந்திரி சபையில் இரண்டு வாக்கு! பின்னர் அரசாங்கம் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் நிபுணர்களை அழைத்தது. அவர்களும் அகழிகள் பத்திரமற்றவை என்றே தெரிவித்தனர். 1985 ஜனவரியில் அந்த இடம் கைவிடப்பட்டு, கிளெடாங் மலைத்தொடரில் வேறிடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், எழுத்து வாசனை குறைந்தவர் என்று எண்ணப்பட்ட கிராமத்தார் சொன்னதே முடிவில் நிபுணர் சொல்லாகவும் நின்றது என்பதாம். கிராமத்தார் தெருவில் இறங்கியிராவிட்டால் நிபுணர்கள் வந்திருப்பார்களா? குழியின் குறை வெளிவந்திருக்குமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லத் தேவையில்லை.

வழக்குமன்றத்தில்

பப்பானில் குழி நின்றது. புக்கிட் மேராவில் ஆலை நிற்கவில்லை. கழிவு ஆலையைச் சுற்றியே கிடந்தது. 1984 டிசம்பரில் ஜப்பானிய விஞ்ஞானி சடாவோ இச்சிகாவா அங்கே வந்து அளந்து பார்த்து, ஆலையின் சுற்றுப்புறத்தில் கதிர்வீச்சு அபாயகரமான அளவில் உயர்ந்திருப்பதாக அறிவித்தார். தொழிலை அனுப்பிய தேசத்திலிருந்தே அதன் தீங்கைச் சொல்லும் விஞ்ஞானியும் வந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. ஆகவே நம் குறை ஜப்பானியர் என்னும் இனத்தின் மேல் அன்று. பொறுப்பைக் கைகழுவும் முறையின் மேலேயே.

1985 பிப்ரவரி முதல் தேதி, புக்கிட் மேரா வாசிகள் எட்டுப் பேர், தங்களுக்காகவும் சுற்றிலும் வாழும் பதினாயிரம் பேருக்காகவும் ஈப்போ ஐகோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 14-ந் தேதி, தக்க பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யும் வரையில் ஆலை கதிர்வீச்சுக் கழிவை உண்டாக்கவும் வைத்திருக்கவும் கூடாது என்று நீதிபதி அனுவார் தடையுத்தரவிட்டார். ஏழை ஜனங்கள் நீதிமன்றப் படியேறிப் பெற்ற முதல் வெற்றி அது.

ஆனால் 1987 பிப்ரவரியில் புதிதாக அமைந்த அணுசக்தி உரிம வாரியம் ஆலைக்கு உரிமம் கொடுத்தது. ஆலை மறுபடியும் நடந்தது. ஏப்ரல் 12-ந் தேதி ஏறக்குறைய 10,000 பேர் புக்கிட் மேரா வீதிகளில் ஊர்வலமாகச் சென்றனர். செப்டம்பர் 7-ந் தேதி முழு விசாரணை தொடங்கியது. அது நடந்து கொண்டிருக்கையிலேயே, அக்டோபர் 27 முதல் அரசாங்கம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறைப்படுத்தியது. ஆலையை எதிர்த்த குழுவின் தலைவர் ஹியூ யூன் தாட்டும் அவர் தோழர் சிலரும், வழக்கை நடத்திய வழக்கறிஞர்களில் ஒருவரான மீனாட்சி ராமன் என்னும் நம் தமிழ்ப் பெண்மணியும் அவர்களுள் அடங்குவர். விசாரணையின்றி அடைத்து வைக்கும் அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. ஆனால் சுத்தமான காற்று கேட்டவர்களுக்கு அன்று கிடைத்த விடை சிறைக் கதவே என்பது சரித்திரத்தில் நிற்கும்.

சாட்சி விசாரணை 65 நாட்கள் நடந்தது. 1992 ஜூலை 11-ந் தேதி நீதிபதி பெஹ் சுவீ சின் ஜனங்களின் பக்கம் தீர்ப்பளித்து, 14 நாட்களுக்குள் ஆலையை மூட வேண்டுமென்று உத்தரவிட்டார். கம்பெனி மேல்முறையீடு செய்தது. மூடினால் கம்பெனிக்கும் தொழிலாளருக்கும் கஷ்டம் உண்டாகும் என்று சொல்லி, அந்நாளைய சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது. பின்னர் 1993 டிசம்பர் 23-ந் தேதி தீர்ப்பையே மாற்றியது. சோதனைகளை நேரில் நடத்திய கம்பெனி நிபுணர்களின் சாட்சியமே நம்பத் தக்கது என்பது ஒரு காரணம். உரிமத்தை ரத்துச் செய்யும்படி ஜனங்கள் முதலில் உரிம வாரியத்தையே கேட்டிருக்க வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

முதற் காரணத்தை நாம் சற்று ஆராய்வோம். ஆலைக்குள் சென்று அளக்கும் கருவியும் பணமும் உரிமையும் யாரிடம் இருந்தன? கம்பெனியிடம். வேலிக்கு வெளியே நின்ற கூலிக்காரனிடமும் காய்கறித் தோட்டக்காரனிடமும் என்ன இருந்தது? நோயுற்ற பிள்ளையும் உறக்கமற்ற இரவும். 11,000 பேர் வாழும் அவ்வூரில் ஐந்தாண்டுக் காலத்துக்குள் எண்மருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதென்றும், அவர்களுள் எழுவர் மாண்டனரென்றும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2011-இல் எழுதியது. அந்நோய்களுக்குத் தான் பொறுப்பன்று என்று கம்பெனி மறுத்தே வந்தது. இந்நோய் இக்கதிரால்தான் வந்தது என்று ஒரு தனி மனிதனின் உடலைக் காட்டி நிரூபிப்பது பெரிய வைத்தியர்களுக்கும் அரிது. அந்த அரிய வேலையைத்தான் ஊராரின் தலையில் சுமத்தினார்கள். எனது ஆலை தீங்கற்றது என்று நிரூபிக்கும் சுமையை இலாபம் பெறுபவன் அல்லவா சுமக்க வேண்டும்?

துப்புரவுக் கணக்கு

கோர்ட்டில் கம்பெனி வென்றது. ஆயினும் ஒரு மாதங்கூட முடிவதற்குள், 1994 ஜனவரி 19-ந் தேதி, ஆலையை மூடிவிடுவதாகக் கம்பெனியே அறிவித்தது. சட்டத்தால் தோற்ற ஜனங்கள் விடாப்பிடியால் வென்றனர் என்றே நாம் கொள்கிறோம்.

ஆலை மூடியது, கழிவு மூடவில்லை. கட்டடத்தை இடித்து, மண்ணைத் தோண்டி எடுத்து, கிளெடாங் மலைக்குள் புதைக்கும் வேலை அதன் பின்னரும் பல ஆண்டுகள் நடந்தது. 11,000 லாரிச் சுமைக் கழிவு அகற்றப்பட்டதென்றும், 80,000-க்கு மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களில் கதிர்வீச்சுக் கழிவு இருந்ததென்றும், துப்புரவுச் செலவு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் என்றும் அதே பத்திரிகை கணக்கிட்டது. மிட்சுபிஷி கம்பெனி இச்செலவை ஏற்றுக்கொண்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஊராரோடு செய்துகொண்ட சமரசத்தின்படி அவ்வூர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் கம்பெனி தருவதாக ஒப்பிய நன்கொடையோ 1,64,000 டாலர். மண்ணைக் கழுவ 10 கோடி. மனிதரைத் தேற்ற ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.

சட்டம் வேலை செய்த இடம்

இதைப் படித்து, 'அரசாங்கத்தால் ஆவது ஒன்றுமில்லை. கம்பெனியை அடக்க எவராலும் ஆகாது' என்று எவரும் மனந்தளர வேண்டாம். இதே தேசத்தில், இதே காலத்தில், சட்டம் செம்மையாக வேலை செய்ததற்கும் சான்று உண்டு. அது தோட்டத்து மக்களாகிய நமக்கு மிகவும் பழக்கமான செம்பனை ஆலையின் கதை.

செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவு நீர் ஆற்றில் விழுந்து, தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிட, மீன்கள் மாண்டு மிதந்த காலம் ஒன்று இருந்தது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் பிறந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. உரிமம் இன்றி ஆலை நடத்தலாகாது. உரிமக் கட்டணம் கழிவின் சுமைக்கு ஏற்ப ஏறும். பிராணவாயுவை உறிஞ்சும் அளவு சுத்திகரிக்காத கழிவில் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வரையில் இருந்தது. 1978 ஜூலையில் அதை 5,000-க்குக் குறைக்கச் சொன்னார்கள். பின்னர் ஆண்டுதோறும் படிப்படியாக இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டு வந்தார்கள். முதலாண்டில் அளவை மீறியவன் கட்டணம் கொடுத்துத் தப்பலாம். அதன் பின்னர் அளவு கட்டாயம். முதலாளிகள் முணுமுணுத்தனர், எனினும் கழிவுக் குளங்களை வெட்டினர். எண்ணெய் உற்பத்தி பெருகியது. ஆற்றில் விழும் சுமையோ வெகுவாகக் குறைந்தது.

இவ்விரண்டு கதைகளுக்கும் உள்ள வேற்றுமை எதில் இருக்கிறது? முதலாளிகளின் மனத்தில் இல்லை. இலாபத்தை விரும்பாத முதலாளி இங்கும் இல்லை, அங்கும் இல்லை. செம்பனை விஷயத்தில் அரசாங்கம் அளவை முன்கூட்டிச் சொன்னது, அவகாசம் கொடுத்தது, கெடுத்தவன் கைப்பணம் கரையும்படி செய்தது. அருமண் விஷயத்திலோ ஆலையை முதலில் திறந்து, சட்டத்தைப் பின்னர் எழுதி, கேள்வி கேட்டவர்களைச் சிறைக்கு அனுப்பியது. கம்பெனியின் பொறுப்பு என்பது அதன் தயவில் தங்கியிருப்பதன்று. அரசாங்கம் தன் பொறுப்பைச் செய்யும்போதுதான் கம்பெனியும் தன் பொறுப்பைக் கற்றுக்கொள்கிறது. இதுவே இச்சரித்திரத்தின் சாரம்.

நாம் செய்ய வேண்டுவன

பெரிய தொழில் தொடங்குமுன் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய வேண்டும் என்னும் கட்டளை 1988 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நல்லதே. ஆயினும் 2012-இல் குவாந்தானுக்கு அருகே கெபெங்கில் ஆஸ்திரேலியத் தாதுவைக் கொண்டு அருமண் ஆலை ஒன்று தொடங்கியபோது, கழிவை எங்கே வைப்பது என்னும் பழைய கேள்வியே மறுபடியும் எழுந்தது. ஆயிரக் கணக்கானோர் தெருவில் இறங்கினர். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் எவரோ இரவோடிரவாகக் கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக் கணக்கானோர் மூச்சுத் திணறினர். 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அதன் பின்னரே, 2024-இல், சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரையில் உயர்த்தினர். இங்கும் கேடு முன்னே வந்தது. சட்டம் பின்னே வந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டுவன மூன்று. ஆலைக்குக் கல் நாட்டும் முன்னரே கழிவுக்கு இடமும் அதைக் காக்கும் பணமும் காட்டப்பட வேண்டும். தீங்கில்லை என்று நிரூபிக்கும் சுமை ஆலைக்காரனுடையதாக வேண்டும். பங்கு வாங்கும் கையும் காவல் புரியும் கையும் வேறு வேறாக இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பது தொழிலுக்கு விரோதம் அன்று. தொழிலாளரின் வயிறு நிறைய வேண்டும் என்பதில் நமக்கு எவரினும் குறைந்த அக்கறை இல்லை. ஆனால் கூலியை வலக்கையில் கொடுத்து, உயிரை இடக்கையில் வாங்கும் தொழில் நமக்கு வேண்டாம்.

புக்கிட் மேரா மக்கள் பெரும் படிப்பாளிகள் அல்லர், பணக்காரரும் அல்லர். வழக்குத் தொடுத்த நாள் முதல் ஆலை மூடிய நாள் வரை, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள், அவர்கள் கூட்டமாக நின்றனர், விண்ணப்பம் எழுதினர், கோர்ட்டுக்கு நடந்தனர், சிறைக்கும் சென்றனர். நம் லயத்துக்குப் பின்னே ஓடும் ஓடையின் நிறம் மாறினால், 'துரை பார்த்துக்கொள்வார்' என்றோ, 'நம் தலைவிதி' என்றோ வாளாவிருத்தல் தகாது. தேதியைக் குறித்து வையுங்கள். நான்கு பேரைக் கூட்டுங்கள். எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு சுற்றுச்சூழல் இலாகாவுக்கு விண்ணப்பம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். பப்பான் மக்களும் 6,700 கையொப்பங்களோடு அவ்வாறே தொடங்கினர்.